நிற்காமல் போக ஒரு சிவப்புக் கார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன்களில் ஒன்றை ஓட்டுபவர் ஜோதிலட்சுமி. ஓட்டப் பழகியது அப்பாவின் டிராக்டரில், சேற்று வயலில். அதன் பிறகு அவர் ஓட்டிய எல்லா வண்டியிலும் பின்னால் ஏதாவது இருந்தது. நாற்று, நெல்மூட்டை, செங்கல், இப்போது ஷிப்டுக்குப் போகும் பெண்கள். பின்னால் எதுவுமே இல்லாத வண்டி ஒன்று தனக்கு வேண்டும் என்று அவர் சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

அப்படி ஒன்று தச்சூர் கூட்டுரோட்டில், பாக்கியநாதனின் பழைய கார் கடையில் நின்றது. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. கணவர் தணிகைவேல் அதைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தார்.

"ஒரு நெல்லு மூட்டையாவது வெக்க முடியுமா இதுல?"

"முடியாது. அதனாலதான் கேக்கறேன்."

பாக்கியநாதன் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டாவது கியரு முரண்டு புடிக்கும்க்கா. நின்னு நின்னு போனா இன்ஜின் சூடாவும். நிக்காம போய்க்கினே இருந்தா ராஜா வண்டி. ஓட்டிப் பாத்துட்டு சொல்லு."

ஜோதிலட்சுமிக்கு அன்று வார விடுமுறை. வேனை மாற்று ஓட்டுநர் எடுத்துப் போயிருந்தார். காரில் தனியாக ஏறி வடக்கே கிளம்பினார். சாலை காலியாக இருந்தது; எங்கும் நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் வேன் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கியர் கரகரத்தது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. கவரைப்பேட்டையில், தினமும் அவர் வேனில் வேலைக்குப் போகும் கன்னியம்மா, அன்று வேனைத் தவறவிட்டு, சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார்.

"இன்னாக்கா இது, தவளையாட்டம் தரையோட கீது? எப்பிடி ஏறது?"

"மொதல்ல குந்து, அப்பால காலை உள்ள இழு. சீக்கிரம், உனுக்கு நேரமாவுது."

"ஏசி போடுக்கா."

"போட்டா இன்ஜின் வெந்துடும்."

"அப்ப நம்ம வேனே தேவல."

கும்மிடிப்பூண்டி வருவதற்குள் முன்பக்கம் ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. கன்னியம்மாவை ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். அப்படியும் கம்பெனி கேட்டில் நேரம் தாண்டிவிட்டது என்று அவரிடமிருந்து போன் வந்தது. ஜோதிலட்சுமி ஏற்றிப்போன ஒருவர் வேலைக்குத் தாமதமானது அதுதான் முதல் தடவை. அவர் முகம் சுருங்கிவிட்டது.

தகவல் கேட்டு பாக்கியநாதன் பைக்கில் வந்து சேர்ந்தார். "பேஜாரு புடிச்ச வண்டிக்கா. வுட்டுடு, வேற நல்லதா காட்டறேன்."

ஜோதிலட்சுமி காரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிக்காம போன்னுதான நீ சொன்ன? நான்தான் ஊரெல்லாம் நின்னுக்கினு வந்தேன். கியரையும் ரேடியேட்டரையும் பிரிச்சு சரி பண்ணு. எடுத்துக்கறேன்."

"வேலை நெறய இழுக்கும்க்கா."

"இழுக்கட்டும். ஷிப்டுக்குப் போறவங்கள இதுல ஏத்த மாட்டேன், அவ்ளோதான்."

ஒரு மாதம் கழித்து, ஜோதிலட்சுமியின் வார விடுமுறை நாளில், சிவப்புக் கார் கவரைப்பேட்டையைக் கடந்ததைக் கன்னியம்மா நிறுத்தத்திலிருந்து பார்த்தார். கையாட்டியும் பார்த்தாராம்.

"திரும்பிக்கூட பாக்கல. இன்னா போக்கு போச்சுன்ற!" என்று அன்று வேன் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.