ஒற்றைக் கைக்கு ஓர் ஆகாயம்

ஊசியை ஏற்றி, இரண்டு குழாய்களையும் முழங்கைக்குக் கீழே பிளாஸ்திரி போட்டு ஒட்டி, மெஷினின் பம்பு சுற்ற ஆரம்பித்ததும் அவர் குனிந்து கேட்பார்: "ஜெயிக்கணுமா, இல்ல சும்மா இருக்கணுமா?"

புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அடுத்த நாற்காலியில் சாய்ந்திருக்கும் பழைய ஆள் யாராவது உதவிக்கு வருவார். "ராக்கெட்காரரு கேக்கறாரு. யோசிச்சுச் சொல்லுங்க. அவசரப்பட்டுச் சொன்னீங்கன்னா இன்னிக்குப் பொழுது போகாது."

சிறுநீரகம் கைவிட்டவர்கள் வந்து படுக்கும் நீண்ட கூடம் அது. சுவரோரம் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஆளுயர மெஷின். உடம்பின் ரத்தம் ஒரு குழாயில் வெளியே வந்து, சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பப் போகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும். வந்தால் அரை நாள் போய்விடும். ஊசி ஏறிய கையை மடக்கக் கூடாது, மடக்கினால் மெஷின் கத்தும். மிச்சமிருப்பது இன்னொரு கையும் மேலே கூரையும்தான். "அந்தக் கூரையைப் பாத்துப் பாத்துத்தான் பாதிப் பேருக்கு மனசு விட்டுப் போகுது" என்பார் அவர். சின்னச் சின்னதாய் வெட்டிய பிளாஸ்திரித் துண்டுகளைத் தன் சட்டைக் கையிலேயே வரிசையாய் ஒட்டிவைத்துக்கொள்வது அவர் வழக்கம். சில நாள் ஒன்றிரண்டு மிஞ்சி வீடுவரை போகும். மனைவி உரித்தெடுத்துக் குப்பையில் போடுவாள்.

அவர் அங்கே டெக்னீஷியன். ராக்கெட்காரர் என்ற பெயர் வந்தது ஒரு டாக்சி ஓட்டுநரால். அந்த மனிதர் வந்த புதிதில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போகிறேன் என்று குழாயைப் பிடித்து இழுப்பார். நர்ஸ்கள் கிட்டே போகவே பயந்தார்கள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இவர் தன் செல்போனில் இருந்த விண்வெளி யுத்த விளையாட்டு ஒன்றைத் திறந்து அவர் கையில் திணித்தார். அன்று குழாய்க்கு ஆபத்தில்லை. அடுத்த முறை டாக்சிக்காரர் வந்ததும் வராததுமாகக் கேட்டது, "எங்கய்யா என் கப்பல் படை?" யாரோ ஒரு நோயாளியின் மகன் பழைய டேப்லெட்டுகள் சிலவற்றைக் கொடுத்துவிட்டுப் போனான்; கூடத்தில் அவற்றுக்கு டேப் என்று பெயர். அப்படித்தான் தொடங்கியது.

ஏன் எல்லாமே ஆகாயத்தில் நடக்கிற விளையாட்டாகவே பார்த்துக் கொடுக்கிறார் என்று தலைமை நர்ஸ் ஒருமுறை கேட்டாள். அவர் சொன்ன காரணம் அவளுக்கு எதிர்பாராதது. பூமியில் நடக்கும் விளையாட்டில் ஆறு ஓடும், கிணறு வெட்டுவார்கள், மழை பெய்யும். இங்கே படுத்திருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் கணக்கு. நாக்கு வறண்டு கிடப்பவர்களிடம் ஆற்றைக் காட்டலாமா? "மேல போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான் சிஸ்டர். அங்க எவனுக்கும் தண்ணி கிடையாது."

வீட்டுக்குப் போனால் இதே வேலைதான். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, வலது கையால் மட்டும் புதிய விளையாட்டு ஒவ்வொன்றையும் ஆடிப் பார்ப்பார். இரண்டு கை கேட்கிற விளையாட்டு வேண்டாம். நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி ஆள் மயங்கினால் எதிரி காத்திருக்க மாட்டான். எழுத்து பொடிப்பொடியாக இருந்தால் கழித்துவிடுவார். எதையும் பாதிக்கு மேல் ஆடுவதில்லை. "மாப்பிள்ளை பாக்கற வீட்டுலகூட இவ்வளவு அலசமாட்டாங்க" என்று மனைவி முணுமுணுப்பாள். ஒருவகையில் தரகர் வேலைதான். டாக்சிக்காரருக்கு எதிராளி மண்டியிட வேண்டும்; எல்லாரிடமும் வழி கேட்டு, வசவு வாங்கி ஓட்டிய மனிதர். மளிகைக் கடைக்காரருக்குச் சண்டையே ஆகாது, ஒரு கிரகத்தில் வாங்கி இன்னொரு கிரகத்தில் விற்க வேண்டும். கல்லூரிப் பெண் ஒருத்தி வேற்றுக் கிரகவாசிகளோடு ஒப்பந்தம் போட்டு, சிரித்துப் பேசி, சமயம் பார்த்துக் காலை வாரிவிடுவாள். அவளைப் பார்த்து டாக்சிக்காரரே கொஞ்சம் பயப்படுவார். தையல்காரர் ஒருவர் எதுவுமே செய்ய மாட்டார். ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "ஊருல யாரும் என்னை எங்கயும் கூட்டிட்டுப் போனதில்ல" என்றார் ஒருநாள்.

தையல்காரர் போன குளிர்காலத்தில் வரவில்லை. அந்தக் கூடத்திலிருந்து குணமாகிப் போகிறவர்கள் குறைவு. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவர்கள் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மற்றவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள்.

பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் வந்து சேர்ந்தபோதுதான் அவருடைய தரகு முதல்முறையாக முட்டுச்சந்தில் நின்றது. எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், வராத வண்டிக்கு மாற்றாக எதை அனுப்ப வேண்டும் என்று ஆயுசு பூராவும் பார்த்தவர். எல்லாரும் அவரை டிப்போம்மா என்றார்கள். ராக்கெட்காரர் முதலில் கிரகங்களைப் பிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார். "யாரு வீட்டயோ புடிச்சு நான் என்னப்பா பண்ணப் போறேன்? பெருக்கக்கூட ஆள் கிடையாது." நிலவில் நகரம் கட்டும் விளையாட்டைக் கொடுத்தார். "குடி போக முடியாத வீட்டுக்கு நான் எதுக்குச் செங்கல் சுமக்கணும்?" ஒப்பந்தம் பேசும் விளையாட்டையும் தொடவில்லை, யூனியன்காரர்களோடு பேசிய பேச்சே இந்த ஜென்மத்துக்குப் போதும் என்றுவிட்டார். சுற்றிப் பார்க்கும் விளையாட்டில் தூங்கிப்போனார்.

ராக்கெட்காரருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கடைசியில், கொட்டாவி வருகிறது என்று தானே ஒதுக்கிவைத்த ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தார். எதிரி இல்லை, போர் இல்லை. சில நிலவுகள், அவற்றில் சின்னச் சின்னக் குடியிருப்புகள். காற்று உருளைகளும் உதிரிப் பாகங்களும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போய் வரும். ஒன்று தாமதித்தால் ஒரு நிலவில் விளக்கு சிவப்பாகும். அவ்வளவுதான். அம்மாள் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, டேப்பைத் தள்ளிப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வண்டி ஏன் திரும்பறப்ப காலியா வருது?" என்றார்.

ராக்கெட்காரர் அன்று வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மாதக்கணக்காக டிப்போம்மாவின் அதிகாரம்தான். கப்பல் என்ற சொல் அவர் வாயில் வராது, எல்லாமே வண்டி. கடைசி நிலவுக்குப் போகும் வண்டியை வருகிற நாளெல்லாம் திட்டுவார். கால் இழுத்துப் பிடித்து வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். "டிப்போம்மா, இன்னிக்கு எல்லா வண்டியும் நேரத்துக்குப் போச்சா?" என்று டாக்சிக்காரர் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து விசாரிப்பார். அம்மாள் சோர்ந்திருக்கிறாரே என்று மருத்துவர் ஒருமுறை கவலைப்பட்டபோது ராக்கெட்காரர் தைரியம் சொன்னார். "அவங்களப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர். பாதி வேலை கைல இருக்கறவங்க எப்படியும் எழுந்து வந்துடுவாங்க." அதை அவர் மனதார நம்பினார். விளையாடுகிறவர் விட்டுவிட மாட்டார் என்பது அவர் கண்டுபிடித்த ஒரே வைத்தியம்.

பிறகு அம்மாளின் கையில் ஊசி ஏற்றுகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. திறந்தார்கள், மறுபடி அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள். காய்ச்சல் வந்தது. ஆள் பாதியாகி, நாற்காலியில் ஒரு போர்வை மட்டும் கிடப்பதுபோல் கிடந்தார். ஒருநாள் மருத்துவரைக் கூப்பிட்டு, இனி வரவில்லை, இதோடு போதும் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சொன்னார்.

அவருக்கு இருப்பது ஒரே மகள். பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பறையில் வேலை. அந்தச் சீருடையோடு ஓடி வந்தவள், மெஷினுக்கான கரைசல் கேன்கள் அடுக்கிய இடைகழியில் ராக்கெட்காரரை மடக்கினாள்.

"அம்மா யாரு சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னாக் கேப்பாங்க சார். அந்தக் கப்பல் விளையாட்டு இன்னும் இருக்குன்னு சொல்லுங்க. புதுசா ஏதோ வந்திருக்குன்னு சொல்லுங்க."

உண்மையிலேயே இருந்தது. வேறொரு சூரியன், அதைச் சுற்றி இன்னும் நிறைய நிலவுகள் என்று அதன் இரண்டாம் பாகத்தை அவர் முன்பே எடுத்துவைத்திருந்தார். போய் நாற்காலியோரம் நின்று அதைச் சொன்னார். சொல்லும்போதே தன் குரல் சரக்கு விற்கிறவன் குரலாக இருப்பது அவருக்கே கேட்டது.

அம்மாள் மடியில் இருந்த டேப்பை அவர் பக்கம் திருப்பினார். "இங்க பாரு தம்பி. கொஞ்ச நாளா நான் இதுல எதையாவது தொட்டுப் பாத்திருக்கியா?"

அவர் பார்த்தார். எல்லாக் கப்பல்களும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. ஒன்று பிந்தினால் பக்கத்து வழியில் போகும் இன்னொன்று ஒதுங்கி வந்து அதன் இடத்தில் நிற்கும்படி முன்கூட்டியே கட்டளை போடப்பட்டிருந்தது. காலியாகத் திரும்புவது ஒன்றுகூட இல்லை. எந்த நிலவிலும் சிவப்பு விளக்கு இல்லை. இத்தனை நாளாக அம்மாள் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று அவர் நினைத்திருந்தார். அம்மாளோ வெறுமனே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீ விளையாட்டுன்னு குடுத்த. நான் டூட்டின்னு எடுத்துக்கிட்டேன். டூட்டின்னா ஒரு முடிவு வேணும்ல? நான் ரிட்டயர் ஆன அன்னிக்குக் கடைசி வண்டி வர்ற வரைக்கும் இருப்பேன்னு எல்லாரும் நெனச்சாங்க. நான் மத்தியானமே எதிர்ல பெஞ்சுல போய் உக்காந்துட்டேன். நான் இல்லாம ஓடுதான்னு பாக்கணும்ல."

"ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"வருத்தமா இல்லையாம்மா?"

"அன்னிக்கு ரொம்ப இருந்துச்சு" என்றார் அம்மாள். சற்று மூச்சு வாங்கினார். "இப்ப இல்ல. அவகிட்ட நீயே சொல்லிடு தம்பி. நான் சொன்னா அழுவா. அழுதா எனக்குத் திட்டத்தான் வரும். திட்டிட்டுப் போக வேணாம்னு பாக்கறேன்."

தாயிடம் பேசச் சொல்லி மகள் அனுப்பினாள். மகளிடம் பேசச் சொல்லித் தாய் திருப்பி அனுப்பினார். இடைகழி அவ்வளவு நீளம் என்று அவர் அன்றுதான் கவனித்தார். என்ன சொன்னார் என்று பிறகு மனைவி கேட்டபோது அவருக்குச் சரியாக நினைவில்லை. ஏதோ தட்டுத்தடுமாறிச் சொன்னார். அம்மா குழம்பிப்போய் முடிவெடுக்கவில்லை, தெளிந்துதான் எடுத்திருக்கிறார் என்கிற மாதிரி. "உங்கள நம்பித்தான சார் அனுப்பினேன்" என்றாள் மகள். கேன்களைத் தாண்டிப் போய்விட்டாள்.

டிப்போம்மா அதன்பின் வரவில்லை. அடுத்த வாரத்திலேயே செய்தி வந்தது. நர்ஸ் வந்து சொன்னபோது ராக்கெட்காரர் ஒரு மெஷினில் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார். தலையாட்டிவிட்டுப் பொருத்தி முடித்தார்.

அன்று முதல் அவர் கேள்வி கேட்பது நின்றுபோனது. டேப் கேட்கிறவர்களுக்குக் கையில் கிடைப்பதை எடுத்துக் கொடுத்தார். சண்டை பிடிக்காத ஒரு புதிய கிழவர் தனக்குக் கிடைத்த யுத்தத்தில் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டே இருந்தார். அவரும் சொல்லவில்லை, இவரும் பார்க்கவில்லை. "என்ன ராக்கெட்டு, கடையைச் சாத்திட்டியா?" என்று டாக்சிக்காரர் கேட்டதற்கு, வேலை அதிகம் என்றார். வீட்டில் இரண்டு கையும் மடியில் கிடக்க, அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாளுக்கு அவர் கொடுத்தது பொழுதுபோக்கா, இல்லை கிளம்புவதற்கான பயிற்சியா? கொடுக்காமல் இருந்திருந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டாவது இன்னும் கொஞ்ச நாள் வந்திருப்பாரோ? மனைவியிடம் ஒரே ஒரு முறை இதைச் சொன்னார். அவள் அவருடைய சட்டைக் கையைத் தடவிப் பார்த்தாள். அதில் பிளாஸ்திரித் துண்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் மகள் வந்தாள். மருத்துவமனையிலிருந்து அம்மா போர்த்திக்கொண்டு போன கம்பளியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள். கோபமாக இருக்கிறாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அம்மா என்னதான் பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு காட்டறீங்களா?"

அவர் உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்த டேப்பை எடுத்துவந்தார். அன்று அம்மாளின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் மகள் அதில் உட்காரவில்லை, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் விளையாட்டைத் திறந்து அவள் மடியில் வைத்தார். கருப்பு வானம், சாம்பல் நிற நிலவுகள், மெல்லிய கோடுகளின் மேல் ஊர்ந்துபோகும் வெள்ளைப் புள்ளிகள்.

"நான் ஏதாவது அழுத்தணுமா?"

"வேணாம்மா. தானா ஓடும்."

அவள் குனிந்துகொண்டாள். கடைசி நிலவுக்குப் போகும் ஒரு கப்பலைக் கண்டுபிடித்து, கண்ணாடியில் படாமல் அதற்கு மேலாகவே விரலைக் கூடவே நகர்த்திக்கொண்டு போனாள். அது சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியபோது விரலும் திரும்பியது. அடுத்த வரிசையில் ஒரு மெஷின் கத்தியது. நர்ஸ் இவரைப் பார்த்தாள், பிறகு தானே போய் அதை அணைத்தாள். யாரும் தொடாததால் டேப்பின் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ராக்கெட்காரர் மகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கப்பல் எதுவும் போகாத ஒரு கருப்பு மூலையாகப் பார்த்து, விரல் நுனியால் மெல்லத் தொட்டார்.