எங்கள் ஜெர்சியின் முதுகுப் பக்கம்

புது ஜெர்சிக்கு ஒரு வாசனை உண்டு. பாலியெஸ்டர் துணியில் ரப்பர் எழுத்தைச் சூடாக அழுத்தி ஒட்டும்போது பிடித்துக்கொள்கிற, லேசாகக் கருகிய பிளாஸ்டிக் வாசனை. கவரைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டு இழுத்தால் தலை கிறுகிறுக்கும், ஆனாலும் இன்னொரு முறை இழுக்கத் தோன்றும். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில், ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து டீமுக்கு முதன்முதலாக ஜெர்சி வந்த அன்று, டீம் மொத்தமும் ஓர் அட்டைப் பெட்டியைச் சுற்றி நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நீலத் துணி, மஞ்சள் எழுத்து. முன்பக்கம் டீம் பெயர், முதுகில் ஆளுக்கொரு பெயர். என் முதுகில் ஆங்கில எழுத்தில், சந்து முனையிலிருந்தே படிக்கிற அளவில், "கொங்கா" என்று இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக இதை விளக்கிவிடுகிறேன். "கொங்கா" என்பது பெங்களூரில் தமிழர்களைத் திட்டுகிற வார்த்தை. "கொல்டி" தெலுங்கர்களுக்கு. "சிங்கி" என்பது மணிப்பூரோ நாகாலாந்தோ நேபாளமோ, எங்கிருந்து வந்தாலும் சரி, கண் சிறிதாக இருந்துவிட்டால் போதும், அவர்களுக்கு. எங்கள் சந்தில் இவையெல்லாம் கெட்ட வார்த்தைகளே இல்லை, கூப்பிடுகிற பெயர்கள். யாராவது புதிதாகக் குடிவந்தால், அந்த வீட்டுப் பையன் மட்டையைத் தொடுவதற்கு முன்னால் அவன் எந்த ஊர் என்று விசாரித்து, அந்த ஊருக்கான வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடுவோம். முகம் சுளிக்காமல் "என்னடா" என்று திரும்பிவிட்டால் அன்றைக்கு முதல் பேட்டிங் அவனுக்கு. அழுதாலோ அடிக்க வந்தாலோ ஒரு வாரம் பந்து பொறுக்க வேண்டும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "டெஸ்ட்". எல்லாரும் எல்லாரையும் திட்டுகிறோம், அதனால் யாரும் யாரையும் திட்டவில்லை என்பது எங்கள் தத்துவம். இதை எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்காக இல்லை. அந்தத் தத்துவம் அன்றைக்கு எனக்கு நன்றாகவே வேலை செய்தது.

தொய்பா நான்காம் வகுப்பில் இம்பாலிலிருந்து வந்தவன். அவனுடைய அம்மா காக்ஸ் டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை பார்த்தார். அவன் அம்மாவை "இமா" என்பான். வந்த முதல் நாளே எங்கள் சந்துப் பையன் மஞ்சு அவனுக்கு டெஸ்ட் வைத்தான், "ஏ சிங்கி" என்று. தொய்பாவுக்கு அப்போது தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் தெரிந்திருந்தது. திரும்பினான், சிரித்தான், மட்டைக்குக் கையை நீட்டினான். அவ்வளவு சுத்தமாக யாரும் பாஸ் ஆனதில்லை. அரை வருடத்தில் என்னைவிட நன்றாகத் தமிழில் சண்டை போடுகிறவனாகவும், எங்கள் விக்கெட் கீப்பராகவும் ஆகிவிட்டான்.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த வார்த்தைகள் எல்லாமே தெரியும், ஆனால் அவர்கள் சொல்லும் விதம் வேறு. அப்பா எதிர்வீட்டுக்காரரை வாசலில் "வாங்க சார்" என்பார், உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகு, டிவி சத்தத்துக்கும் கீழே இறங்கிய குரலில், "கொல்டி புத்திய காட்டிட்டான்" என்பார். அவர் தலைமுறைக்கு அந்த வார்த்தை கதவுக்கு உட்புறம் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான். நாங்களோ அதைத் தெருவில் போட்டு, அதை வைத்துக் கிரிக்கெட் விளையாடினோம். அவர்கள் பயந்தாங்கொள்ளிகள், நாங்கள் நேர்மையானவர்கள் என்பது என் முடிவு.

ஜெர்சியில் என்ன பெயர் போடுவது என்ற பேச்சு வந்தபோது, உண்மைப் பெயர் வேண்டாம் என்று சொன்னதே தொய்பாதான். "யாருடா என்னைத் தொய்பான்னு கூப்பிடறீங்க? கூப்பிடறதப் போடு மச்சா, அப்பதான் கெத்து." எல்லாரும் கைதட்டினோம்.

அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தவர், கொடியில் மாட்டியிருந்த என் ஜெர்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத நீயே போய் எழுதிட்டு வந்தியா?"

"டீம்ல எல்லாருக்கும்தாம்பா. சும்மா ஜாலிக்கு."

"காவிரித் தண்ணிப் பிரச்சினைல பஸ்ஸ நிறுத்தி ஏறினவனுங்க இதத்தான் கேட்டானுங்க. கொங்கா யாரு, எறங்குன்னு. நான் ஜன்னல பாத்துகிட்டு உக்காந்திருந்தேன். நீ என்னடான்னா முதுகுல ஒட்டிட்டு வர."

"அது உங்க காலம்பா."

அவர் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டுவிட்டு, அம்மாவிடம் மட்டும், "பஸ்ல போறப்ப மேல ஒரு சட்ட போட்டுக்கச் சொல்லு" என்றார்.

தொய்பா வீட்டில் நடந்துகொண்டிருந்தது இதைவிடப் பெரிய விஷயம். பி.யூ.சி.யை, அதாவது பிளஸ் ஒன், பிளஸ் டூவை, இம்பாலில் மாமா வீட்டிலிருந்து படிக்கட்டும் என்று இமா சொல்லிக்கொண்டே இருந்தார். மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் அந்த வார்த்தையை அவர் தினமும் கேட்டார். ஒருமுறை பார்லரை மூடிவிட்டு வரும்போது பைக்கில் போன ஒருவன் அதைச் சொல்லிவிட்டு டீக் கப்பையும் விட்டெறிந்திருந்தான், சட்டையெல்லாம் டீ. பையன் இங்கே வளர்வதில் அவருக்கு இஷ்டமில்லை. தொய்பாவுக்கோ போகவே மனசில்லை. இம்பாலைப் பற்றிக் கேட்டால் என்னைப்போலவே அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அதனால் அவன் இமாவிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தான். மறுநாள் எங்களிடமும் அதைச் சொல்லிச் சிரித்தான்: "உங்களத் தெரியாதவன் கூப்பிடறான் இமா, என்னை இங்க எல்லாருக்கும் தெரியும், என்னை ஒருத்தன்கூட அப்டி கூப்பிட்டதில்லன்னு சொல்லிட்டேன். நம்பிட்டாங்க மச்சா. இங்கயே அட்மிஷன் ஃபாரம் வாங்கலாம்னு சொல்லிட்டாங்க."

போட்டி வேறொரு ஏரியா மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை. பார்லரில் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம் என்பதால் இமா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. தொய்பா முதல் கேட்ச் பிடித்தான், இடது பக்கம் பாய்ந்து, ஒரு கையால். மைக் பிடித்திருந்த அண்ணன் அவன் முதுகைப் பார்த்துப் படித்தார்: "கீப்பர் சிங்கி, என்னா கேட்ச்ப்பா, சிங்கிக்கு ஒரு கைதட்டு." கைதட்டினார்கள். அடுத்த ஓவரில் எதிர் டீமுக்காக வந்திருந்த கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. முதலில் "சிங்கி, சிங்கி" என்று தாளம். அப்புறம், "ஏ சிங்கி, ஒரு பிளேட் மோமோ எவ்ளோ?" அப்புறம், "நாய்க்கறி சாப்ட்டு வந்தியாடா?" வார்த்தை எங்களுடையதுதான். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி, அது எங்கள் கையில் இல்லை.

தொய்பா சிரித்துக்கொண்டேதான் இருந்தான், தனக்குப் பின்னால் எல்லைக்கோட்டில் கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்த இமாவைப் பார்க்கும் வரை.

கிரிக்கெட் மைதானத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. ஃபீல்டிங் செய்கிறவன் எங்கே நின்றாலும் முகம் நடுவே பிட்ச் பக்கம்தான், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு முதுகுதான். தொய்பா மஞ்சுவிடம் கீப்பிங்கைக் கொடுத்துவிட்டு இமாவுக்கு முதுகு தெரியாத எதிர்ப்பக்கம் போய் நின்றான். அங்கே நின்ற கூட்டம் அவன் முதுகைப் படித்தது. ஓவர் முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டான். துணி மெல்லிசு, மஞ்சள் எழுத்து உள்ளிருந்து இடவலம் மாறித் தெரிந்தது. அதைத் திருப்பிப் போடாமல் இருந்திருந்தால் இமா விளையாட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று நான் பிறகு பல முறை யோசித்திருக்கிறேன்.

மஞ்சு கேப்டன். மைக் அண்ணனிடம் ஓடினான்.

"அண்ணா, அந்தப் பேரச் சொல்லாதீங்க."

"பின்ன எப்டிப்பா கூப்பிடறது? நீங்கதானே ஒட்டிட்டு வந்தீங்க. நான் படிக்கறேன், அவ்ளோதான்."

மஞ்சு கீப்பிங்குக்குத் திரும்பி வந்தான்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். இமா எங்களிடம் வந்து பையைத் திறந்து ஆளுக்கொரு ஆரஞ்சு கொடுத்தார். பிறகு, பார்லருக்கு வரும் பெண்களிடம் கற்ற தமிழில், தொய்பாவிடம் கேட்டார்: "இது யார் எழுதினாங்க?"

எங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் தமிழில் கேட்டார்.

"நான்தான் இமா. நானேதான் சொன்னேன்."

அவர் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார், நின்றேன். "கொங்கா" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "திட்டறதா?" என்றார். "ஆமா ஆன்ட்டி, தமிழ்க்காரங்கள." பக்கத்தில் நின்ற தெலுங்குப் பையன் சீனுவின் முதுகில் "கொல்டி". அவனையும் கேட்டார், தலையாட்டினான். பிறகு மஞ்சுவின் முதுகுக்கு வந்தார். அதில் "மஞ்சு" என்று இருந்தது.

"உனக்கு மட்டும் பேர். ஏன்?"

நாங்கள் பெட்டியைச் சுற்றி நின்று ஒவ்வொரு ஜெர்சியாகப் பிரித்துச் சிரித்த அன்றைக்கு யாருக்கும் தோன்றாத கேள்வி அது. மஞ்சு கன்னடக்காரன்; அவன் தாத்தாவும் அதே சந்துதான். அவனுக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்று நாங்கள் தேடாமல் இல்லை, சிறு வயதில் "கௌடா" என்று கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பார்த்தோம். அது திட்டாகவே ஒட்டவில்லை, மரியாதை மாதிரி இருந்தது. விட்டுவிட்டோம்.

"எனக்கு எதுவும் கெடைக்கல ஆன்ட்டி" என்றான் மஞ்சு. ஆரஞ்சை உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

இமா சரி என்பதுபோலத் தலையசைத்தார், கோபம் ஒன்றும் இல்லை. தொய்பாவின் தோளில் கையைப் போட்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். ஜூனில் நாங்கள் பி.யூ.சி. காலேஜில் சேர்ந்தபோது அவன் இம்பாலில் இருந்தான். நாங்கள் அடுத்த சுற்றும் ஆடினோம், பனியனோடு.

எனக்கு இப்போது காலேஜும் முடிந்து, வேலையும் வந்து, ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் யாரோ ஒருவருக்கு இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கிற பிழைப்பு. எட்டாவது படிக்கிற என் தம்பிக்கு "கொங்கா" என்றால் என்னவென்றே தெரியாது. ஸ்கூலில் எவனாவது "சிங்கி" என்றால் "டேய், அது ரேசிஸ்ட்" என்று உடனே சொல்லிவிடுகிறான், எங்கள் யாருக்கும் வராத தைரியம். ஆனால் போன் கேமில் உட்கார்ந்தால், அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் திட்டுகிற ஒரு வார்த்தையை, தோற்ற ஒவ்வொருவனுக்கும் அனுப்புகிறான். கேம் அதை நட்சத்திரக் குறியாக மாற்றிவிடுவதால் எழுத்துக்குப் பதில் எண்களைச் செருகி எழுதுகிறான். "அப்படி ஒரு மனுஷனை நேர்ல பாத்திருக்கியாடா?" என்றேன். "இல்ல. அதனாலதானே யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். அப்பா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார், நாங்கள் முகத்துக்கு நேரே சொன்னோம், இவன் முகமே இல்லாத இடத்தில் சொல்கிறான். "அது உங்க காலம்ணா" என்று அவனும் ஒருநாள் சொல்வான், தெரியும்.

எங்கள் சந்து மைதானத்தில் இப்போது அபார்ட்மெண்ட் பார்க்கிங். டெஸ்ட் வைக்கிற வழக்கம் அதோடு போனது, போகட்டும். அதோடு சேர்ந்து போன வேறொன்றுக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

போன மாதம் தொய்பா ஒரு வேலைக்கான இன்டர்வியூவுக்கு பெங்களூர் வந்தான். காக்ஸ் டவுன் மார்க்கெட் எதிரில் சந்திப்பதாகப் பேச்சு. மஞ்சுவும் நானும் முன்னாலேயே போய் நின்றோம். எதிர்ப்பக்கம் ஆட்டோவிலிருந்து இறங்கினான், தோள் அகன்று, தாடி வைத்து. மஞ்சு கையை உயர்த்தி வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. சுற்றிலும் ஜனம். பிறகு, "தொய்பா" என்று கூப்பிட்டான்.

அவன் நின்றான். தன் பெயரைக் கேட்டுவிட்டான். எங்கள் இருவர் மேலும் பார்வை ஓடி, நிற்காமல் கடந்து, பழக்கடை ஓரம் போய்த் தேடியது. தன் ஊர்க்காரர் யாரோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டான். எங்கள் குரலில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை.

"பழைய பேரச் சொன்னா ஒடனே திரும்புவான் மச்சா" என்றான் மஞ்சு, மெதுவாக.

"சொல்லேன்."

மஞ்சு சொல்லவில்லை. பஸ் ஒன்று போகட்டும் என்று காத்திருந்து, ரோட்டைத் தாண்டிப் போய் அவன் தோளைத் தொட்டோம்.