நாடி பிடித்த விரல்கள்

இரண்டு விரல்கள் மாணவியின் மணிக்கட்டில் நாடியைத் தேடிப் பிடித்தன. பிறகு அவள் தோளைத் தொட்டு, எடைப்பொறி மேல் எண்ணுக்கு முதுகு காட்டி நிறுத்தின. எண்ணை அவள் பார்க்கக் கூடாது. பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

விரல்களுக்குச் சொந்தக்காரி கல்லூரி நர்ஸ். பதினாறு வருடமாக இதே அறை. சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளைக் கண்டறியும் பரிசோதனை இந்த வருடம் தொடங்கியபோது, பொறுப்பு தன் கைக்கே வருமென்று நம்பியிருந்தாள். வந்தது ஒரு சின்ன வயது ஆலோசகர், கையில் ஐந்து கேள்விகளோடு. மூன்றாம் நாளே பிள்ளைகளுக்கு அவள் ‘அக்கா’. நர்ஸ் இன்னமும் வெறும் ‘சிஸ்டர்’. பக்கத்து அறையில் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் இவளுக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்காரரிடம் புலம்பினாள். “நீயும் கொஞ்சம் சிரிச்சுப் பாரேன்” என்றார் அவர். இரண்டு நாள் அவரோடு பேச்சு வார்த்தை இல்லை.

இந்த மாணவியின் தாளில் ஐந்து கேள்விக்கும் ‘இல்லை’. கீழே ஆலோசகரின் கையெழுத்து: கவலையில்லை. எடையும் சரிதான். ஆனால் விரல் முட்டிகளில் பழையதும் புதியதுமாகத் தழும்புகள். தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தியெடுப்பவர்களுக்குப் பல் பட்டுப் பட்டு வருபவை.

நர்ஸுக்கு முதலில் வந்தது, ஆலோசகர் கோட்டைவிட்டதைத் தான் பிடித்த சந்தோஷம். அவளைப் போல எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துத் தாளைக் கொடுத்தால், தோழி எட்டிப் பார்க்கையில் எவள் ‘ஆமாம்’ போடுவாள்? மாதக் கடைசியில் டாக்டர் வருவார். அவர் முன்னால் எடுத்து வைக்கலாமென்று, மாணவியின் மருத்துவ அட்டையில் தழும்பை மட்டும் குறித்து டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

மதியமே அந்தப் பெண் திரும்பி வந்தாள்.

“தொண்டை எரியுது சிஸ்டர், மாத்திரை குடுங்க. அக்காகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், வருத்தப்படுவாங்க.”

“ஏன், நான் வருத்தப்பட மாட்டேனா?”

கேட்ட பிறகுதான் அது பொறாமை மட்டுமல்ல என்று நர்ஸுக்கே உறைத்தது. மாணவி கையைப் பின்னால் மறைத்தாள். நர்ஸ் அந்தக் கையை மெல்ல இழுத்து, முட்டியைத் தடவினாள்.

“எத்தனை நாளா?”

“ஒரு வருஷமா” என்றாள் மாணவி. ஆலோசகரிடம் சொல்லச் சம்மதித்தாள், சிஸ்டரும் கூட இருந்தால்.

நர்ஸ் டிராயரைத் திறந்து அட்டையில் மிச்சத்தை எழுதினாள். ‘கண்டறிந்தது: நர்ஸ்’ என்று கீழே கோடு போட்டாள், ஒரு கோடு போதவில்லை, இரண்டாகப் போட்டாள். பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

“இனி பெஞ்சு வேண்டாம்மா. ஒவ்வொருத்தரா தனியா கூப்பிட்டுக் கேளு” என்று அட்டையை ஆலோசகரின் கையில் கொடுத்தாள்.