அக்கா மறுபடி விதைத்த தட்டைப்பயறு

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. நான் நான்காம் வகுப்புவரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. “அம்மாவைப் பற்றி மாமாதான் எழுத வேண்டும்” என்று அக்கா மகள் பிடிவாதமாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

அக்கா கொள்ளேகால் பக்கம் பிறந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். வாய்க்கால் தண்ணீர் தேங்கித் தேங்கி எங்கள் நிலத்தில் உவர் ஏறிவிட்டது. கோடையில் மண்மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். உப்பைத் தாங்கும் விதை என்று ஒருவர் சொன்னதை நம்பி அப்பா தட்டைப்பயறு வாங்கி விதைத்தார். பாதி முளைக்கவே இல்லை. முளைத்தவையும் இரண்டு இலை விட்டு, ஓரம் கருகிப் போயின. அந்த வருடம்தான் மைசூருக்கு வந்தோம். அப்பாவும் நானும் கட்டட வேலைக்குப் போனோம்.

திருமணமான ஐந்தாம் வருடம் மச்சான் காலமானார். கைக்குழந்தையோடு நின்ற அக்கா அழுதுகொண்டு உட்காரவில்லை. விதை ஆராய்ச்சி செய்யும் ஓரிடத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தார். அங்கே ஒரு மேடம், உப்புத் தண்ணீரில் எந்தத் தட்டைப்பயறு முளைக்கிறது, முளைத்தபின் எத்தனை நாள் தாங்குகிறது என்று சின்ன மண்தொட்டிகளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அக்காவை அக்கா என்றே கூப்பிடுவார். கன்னடத்திலும் அதே சொல்தானே.

முதல் நாள் வீட்டுக்கு வந்த அக்கா சிரித்தார். “நம்ம அப்பா காட்டுல பட்டதை இங்க தொட்டியில வச்சுப் பாக்கறாங்கடா.”

சில வருடங்கள் கழித்து, அக்காவின் பெயர் நிரந்தர வேலைப் பட்டியலில் வரப்போகிறது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அப்போது தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு அங்கே எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். உதவிக்கு நானும் போனேன். அக்கா அலமாரி துடைத்துக்கொண்டிருந்தார். நான் தொட்டிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எந்தத் தொட்டியில் எந்த விதை என்று சாக்பீஸில் எழுதியிருந்த எண்கள் எல்லாம் போய்விட்டன.

அக்கா வந்து பார்த்தார். “என்னடா பண்ணிப்போட்டே?”

“சாமிக்கு வைக்கிறதுன்னு தொடச்சேன் அக்கா.”

“ஏண்டா, படிப்பு வரலைன்னா நம்பரு மேல இத்தனை கோவமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “எது எதுன்னு உனக்குத் தெரியுமே. நெனப்புல இருக்கறத எழுதிப்போடு அக்கா.”

“முக்கால்வாசி தெரியும். மீதி?”

“ஏதோ ஒண்ணு எழுது. யாருக்குத் தெரியப்போகுது?”

“அப்பாவுக்கு வித குடுத்தவனும் இப்படித்தான் ஏதோ ஒண்ணச் சொல்லியிருப்பான்” என்றார்.

லீவு முடிந்ததும் மேடத்திடம் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். “நம்பரு அழிஞ்சுபோச்சு மேடம். நான்தான் தொடச்சேன்” என்றார்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “மூணு வாரத்து வேலை அக்கா. மேலே கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

“என் பேரச் சொல்லுங்க. வித இருக்குதில்ல, மறுபடி போடலாம்.”

மறுபடி போட்டார்கள். தீபாவளி அன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அக்கா தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இந்தத் தடவை நான் தகரத்துண்டுகளில் ஆணியால் எண்களைக் குத்திக் கொடுத்தேன். அக்கா அவற்றைத் தொட்டிக் கழுத்தில் கம்பியால் கட்டினார்.

மற்றவை கருகிய உப்பிலும் ஒரு சிவப்புப் பயறு பச்சையாக நின்றது. மேடம் ஒரு கைப்பிடி கொடுத்தார். எங்கள் பழைய நிலத்தை இப்போது சித்தப்பா மகன் பார்க்கிறார். அவர் உவர் ஓரத்தில் விதைத்தார். முளைத்தது, பூத்தது, காய்த்தது. நல்ல நிலத்தில் வருகிற அளவு இல்லை, ஆனால் காய்த்தது. அக்கா போய் ஒரு பிஞ்சைக் கிள்ளித் தின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

அந்த வருடப் பட்டியலில் அக்கா பெயர் வரவில்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. ஒரு நாளும் என்னை அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசியில் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் உடன் இருந்த அக்கம்பக்கத்தாருக்கும், அக்காவோடு வேலை செய்தவர்களுக்கும், வேலை முடிந்து மாலைதோறும் வந்து பார்த்த மேடத்துக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று இந்த நினைவுநாள் சாப்பாட்டில் உங்கள் இலையில் வைத்த சுண்டல் அந்தச் சிவப்புப் பயறுதான்.

மேடத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று தொட்டிகளைத் துடைத்தது அக்கா இல்லை, நான். எனக்குத் தெரிந்து அக்கா சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அவர் பெயரில் இருக்க வேண்டாம்.