திட்டு வாங்காத பேத்தி

ராவிரி எங்கள் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். எனக்குப் பெரியப்பா மகன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. கூடப்பிறந்தவர்களின் பேரன் பேத்திகள், ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவில் பிறந்தவை எல்லாமே எங்கள் மாவோரிப் பேச்சில் 'மொகோபுனா'தான். வாய்க்குச் சுலபமாக 'மொகோ'. "ஏ மொகோ, பெல்ட்டைப் போடு!", "மொகோ, தலையை உள்ள இழு!" என்று வழி முழுக்க அதட்டிக்கொண்டே ஓட்டுவார்.

போன மழைக்காலத்தில் எங்கள் ஊர் மருத்துவமனைக்கு நர்ஸாக வந்தாள் ஜோயன்னா, வெள்ளைக்காரப் பெண். அவள் மகள் கிளாராவையும் ராவிரி 'மொகோ' என்று கூப்பிட்டார். மறுநாள் காலை ஜோயன்னா நிறுத்தத்தில் காத்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. அவளுக்குச் சொந்தத் தாத்தா இருக்காரு. பேர் சொல்லியே கூப்பிடுங்க."

"அதுக்கென்னம்மா, செஞ்சாப் போச்சு."

சொன்னபடியே செய்தார். மற்றவர்கள் இறங்கும்போது, "ஓடு மொகோ." அவள் இறங்கும்போது, "போயிட்டு வாங்க கிளாரா."

சில நாளில் பிள்ளை வீட்டில் அழுதிருக்கிறது. "எல்லாரையும் திட்டுறாரு. என்னை மட்டும் திட்டவே மாட்டேங்கிறாரு. நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

ஜோயன்னா மறுபடி வந்து நின்றாள். "நான் சொன்னதை மறந்துடுங்க. இவளையும் அப்படியே கூப்பிடுங்க."

"கூப்பிடுறேன். ஆனா மொகோன்னா சும்மா இல்ல. சனிக்கிழமை கல்யாண விருந்து, எங்க சனமெல்லாம் கூடுற மராயேவுக்கு வந்து வேலை செய்யணும்."

"சின்னப் பிள்ளைங்க அவ!"

"தட்டு தூக்கத் தெரியும்ல?"

சனிக்கிழமை எங்கள் மராயேயின் கூடம் நிரம்பி வழிந்தது. குழியடுப்பிலிருந்து எடுத்த சர்க்கரைவள்ளிக்கிழங்குத் தட்டோடு வந்த கிளாரா வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். கிழங்கெல்லாம் தரையில் உருண்டது.

சமையலறை ராவிரியின் தங்கை ஙைரேயின் ராஜ்ஜியம். "யாரோட மொகோ இது? கண்ணைப் பிடரியிலயா வச்சிருக்கு?"

குழிப் பக்கமிருந்து மண்வெட்டியும் கையுமாக ராவிரி கத்தினார். "என்னோட மொகோ! திட்டுறதுன்னா என்னைத் திட்டு!"

"உன்னைத்தான் திட்டுறேன்! வளர்த்திருக்கிற லட்சணத்தைப் பாரு!"

கிளாராவுக்கு முழங்காலில் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு. ஜோயன்னா குனிந்து கிழங்கு பொறுக்கத் தொடங்கினாள். ஙைரே அவளையும் விடவில்லை.

"கையால எவ்வளவு நேரம் பொறுக்குவ? துடைப்பம் கதவுக்குப் பின்னால இருக்கு, எடு!"