அரை அங்குலத்துக்காக ஒரு ஜெபம்

என்னைக் குள்ளன் என்று மட்டும் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குள்ளத்தை மறைத்துச் சர்க்காரை ஏமாற்றிய மோசக்காரன் என்றார்கள். பூந்தமல்லி கோர்ட்டில் கூண்டில் ஏற்றினார்கள். அந்தக் கூண்டிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி இறக்கினார் என்பதைச் சகோதர சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்று மூன்று வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஊர் சேக்காடு. அப்போது சூளையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு தை மாதம் பூந்தமல்லியில் போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். முந்தின நாளே போய் மைத்துனன் வீட்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் மைதானத்தில் நின்றேன். ஐந்தடி ஐந்து அங்குலம் வேண்டும் என்றார்கள். என் உயரம் சரியாக அந்தக் கோட்டில் இருந்தது. தேர்வு என்று எழுதிக்கொண்டார்கள். அன்று சேக்காடு வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தேன்.

இருபது நாள் கழித்து போலீசிலிருந்து ஆள் வந்தது. உத்தரவு கொடுக்கும் முன் இன்னொரு தரம் அளக்க வேண்டுமாம், மத்தியானம் மூன்று மணிக்கு வரவேண்டுமாம். அரை நாள் வேலையை எதற்கு விடுவது என்று நினைத்தேன். நான் செய்த தப்பு அதுதான். மதியம் வரைக்கும் தலையில் கல் சுமந்துவிட்டு, அப்படியே நடந்து போய் அளக்கும் கோலடியில் நின்றேன். அரை அங்குலம் குறைந்தது.

அளந்த ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன தபா முடிக்குள்ள மெழுகு வச்சிகினு வந்தியா?"

"இல்லீங்க."

"அப்ப அரை இஞ்சி எங்க போச்சு? ஆவியா பூடுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்படி மெழுகு வைத்து மாட்டிக்கொண்டவர்கள் எனக்கு முன்பே இருந்தார்கள். அதனால் என் பேச்சு எடுபடவில்லை. வழக்குப் போட்டுவிட்டார்கள். எங்கள் சபை உபதேசியார் ஜாமீன் நின்றதால் வீடு வந்து சேர்ந்தேன்.

அவரே ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். "தேவசகாயம், ஒத்துகினு மன்னிப்பு கேட்டுருப்பா. மொத தப்புன்னு எச்சரிச்சி உட்ருவாங்க."

"செய்யாத தப்ப எப்டி ஐயா ஒத்துக்கிறது?"

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. தண்டனை ஆனால் ஜெயில். வெளியே வந்தாலும் சாகும்வரை மோசக்காரன்.

வழக்குக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் விடியற்காலையில் முழங்கால் போட்டேன். அழுது கெஞ்சினேன் என்று சொன்னால் அது பொய். சண்டை போட்டேன். "ஆண்டவரே, இந்த உடம்பை அளந்து செய்தவர் நீர். அரை அங்குலம் எங்கே போனது என்று நீரே சொல்லும். சொல்லும்வரை விடமாட்டேன்" என்றேன். பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த என் மனைவி ரூத்து பயந்துபோய் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஆறாம் நாள் அப்படித்தான் ஜெபம் முடித்து, கோபம் தணியாமல் எழுந்து வெளியே கிளம்பினேன். வாசல் நிலையில் தலை மடாரென்று இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது. ஜெபித்த வாயாலேயே நிலையைத் திட்டினேன்.

ரூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தெனம் காத்தால இடிச்சிக்கிறியே, கொஞ்சம் குனிஞ்சாத்தான் இன்னாயா? சாயங்காலம் மட்டும் நிமிந்துகினே உள்ள வர, அப்ப இடிக்கிறதில்ல."

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். சுவரோரமாக நின்று, தலை மட்டத்தில் கரியால் கோடு போடச் சொன்னேன். சாயங்காலம் சூளையிலிருந்து வந்ததும் அதே இடத்தில் நின்றேன். கோட்டுக்கும் என் தலைக்கும் நடுவில் அவள் விரல் நுழைந்தது. பகலெல்லாம் சுமந்த கல் என்னை அமுக்கியிருந்தது. இருவரும் அங்கேயே முழங்கால் போட்டோம். அன்றைக்குத்தான் அழுதேன்.

வழக்கு நாளில் ரூத்து என்னை நடக்க விடவில்லை. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு, கோர்ட் வாசல் வரைக்கும் படுக்க வைத்தே கொண்டுவந்தாள். பார்த்தவர்கள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு வக்கீல் கிடையாது. என்ன சொல்கிறாய் என்று மாஜிஸ்திரேட் கேட்டதும், கையைக் கட்டாமல் நிமிர்ந்து சொன்னேன்.

"என்னிய இப்ப அளங்க. நாள் முச்சூடும் கல்லு சுமந்தப்புறம் சாயங்காலம் இன்னொரு தபா அளங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஜெயிலுக்குப் போறேன். ஏட்டையாவையும் கூட நிக்க வச்சி அளங்க."

ஏட்டுக்கு முகம் கறுத்தது. மாஜிஸ்திரேட் கோலைக் கொண்டுவரச் சொன்னார். முடியைத் துழாவிப் பார்த்து மெழுகு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். எனக்குச் சரியாக ஐந்தடி ஐந்து அங்குலம். ஏட்டுடைய உயரத்தையும் எழுதினார்கள். கோர்ட்டுக்குப் பின்னால் மதில் கட்டக் குவித்திருந்த செங்கல்லைச் சேவகன் கண்ணெதிரே சாயங்காலம் வரைக்கும் சுமந்தேன். ஏட்டு வாசலில் கால் கடுக்க நின்றார்.

மாலையில் எனக்கு அரை அங்குலம் குறைந்தது. ஏட்டுக்குக் கால் அங்குலம் குறைந்தது.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன ஏட்டு, உமக்கும் மெழுகு உருகிப்போச்சா?" என்று கேட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு நானே போய்ப் போலீஸ் துரையின் முன் நின்றேன். ஆடி மாதம் வேலையில் சேர்ந்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

முன்பெல்லாம் யார் அதட்டினாலும் என் தலை தானாகக் குனியும். இப்போது குனிவதில்லை. ஆண்டவரிடமே உள்ளதை உள்ளபடி பேசியவன் மனுஷனிடம் பேச எதற்குப் பயப்பட வேண்டும்? ஆள் எடுக்கும்போது கோல் பிடிக்கும் வேலை எனக்குத்தான் வருகிறது. சுமை இறக்கிவிட்டு நேரே வருகிறவனை வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறேன். ஏட்டு முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாரையாவது, நீ குறைவு என்று எவனாவது அளந்து எழுதி வைத்திருக்கலாம். அந்தத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். முதலில் முழங்கால் போடுங்கள். ஆண்டவரிடம் கோபமாகப் பேசினாலும் அவர் கேட்பார், நான் கண்டிருக்கிறேன். பிறகு எழுந்து போய், இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள்.