எல்லாவற்றுக்கும் ‘ஆமா மேடம்’

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். பழவேற்காடு பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆட்டிசமா என்று பார்த்துவிடுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவே நாலு மாதம் ஆனது.

கிடைத்த தேதி ஏரியில் நான் வலை கட்டும் முறை நாளில் வந்து விழுந்தது. எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடும் இடங்களை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அதைப் பாடு என்போம். மழைக்காலத்துப் பாட்டை விட்டால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

மனைவி பிரசவமாகிப் பத்து நாள். “பொறுமையா குந்தி எல்லாத்தையும் சொல்லிட்டு வா. வலை வலைன்னு ஓடியாந்துடாத” என்றாள். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ், பொன்னேரியில் ரயில், மறுபடி பஸ். ரயில் சத்தம் தாங்காமல் மகள் காதைப் பொத்திக்கொண்டு வழியெல்லாம் அலறினாள். பிள்ளையை அடக்கத் தெரியாதா என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. எங்களைக் கூப்பிடும்போது மணி ஒன்று. அழுத களைப்பில் அவள் என் தோளில் தூங்கியிருந்தாள். சாயங்காலத்துக்குள் நான் ஏரியில் இருக்க வேண்டும்.

அங்கிருந்த மேடம் தாளைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார். பேர் சொன்னால் திரும்புவாளா? திரும்புவா மேடம். மற்ற பிள்ளைகளோடு விளையாடுவாளா? ஆமா மேடம். உங்களை அப்பான்னு கூப்பிடுவாளா? “நைனான்னு கூப்புடுவா மேடம்” என்றேன். வாய் கூசவே இல்லை. அவசரம் பாதி, என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று யாராவது எழுதிக் கொடுத்துவிட மாட்டார்களா என்ற ஆசை மீதி.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனால் குழந்தை முழித்திருக்கும்போது பார்த்தாக வேண்டும், அடுத்த மாதம் கட்டாயம் வாருங்கள் என்றார். முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். “ஒண்ணியும் இல்லன்னுட்டாங்க” என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மகளை வாங்கிக்கொண்டாள். அடுத்த மாதம் நாங்கள் போகவில்லை.

ஒரு வருடம் போனது. மகள் பள்ளிக்கூடத்துச் சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள். வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இந்த முறை மனைவியும் வந்தாள். அதே மேடம். மகளிடம் பேசிப் பார்த்துவிட்டுப் பழைய தாளை எடுத்துப் படித்தவர் முகம் மாறியது.

“பேசிக்கிட்டிருந்த பொண்ணு எப்போலேருந்து நிறுத்திட்டா? இருந்த பேச்சு நின்னுபோச்சுன்னா வேற டெஸ்ட்டெல்லாம் எடுக்கணும்.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “இன்னா சொல்றாங்க? இவ எப்பய்யா பேசுனா?”

தப்பிக்க வழியில்லை. “பொய் சொல்லிட்டேன் மேடம். ஒருநாளும் என்னை நைனான்னு கூப்புட்டதில்ல” என்றேன். அதைச் சொன்னதும் அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். மேடம் திட்டவில்லை. பழைய தாளைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். முதலிலிருந்து கேட்டார். இரண்டு மணி நேரம் ‘இல்ல மேடம், இல்ல மேடம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ‘இல்ல’வுக்கும் மனைவி தலைகுனிந்தாள். ஆட்டிசம்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். போன வருடமே பயிற்சி ஆரம்பித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். படத்தைத் தொட்டுக் காட்டித் தண்ணீர் கேட்கிறாள். என்னை இன்னும் கூப்பிடவில்லை. அலுப்பாகத்தான் இருக்கிறது, இல்லை என்றால் அதுவும் பொய். யார் என்ன கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். என் மனசு நோகக்கூடாது என்று நான் சொன்ன பொய்க்கு அவள் ஒரு முழு வருடத்தைக் கொடுத்திருக்கிறாள், அதை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று என்னைக் கேட்கக்கூட அவளுக்குப் பேச்சு இல்லை.